தவிடும் கேழ்வரகும்: அல்சூர்த் தமிழரின் உணவு வரலாறு

பெங்களூர் அல்சூரில் குடியேறிய தமிழர்களின் சாப்பாட்டுத் தட்டில் இருநூறு ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம், கேழ்வரகு ஒதுங்கி வெள்ளரிசி வந்து உட்கார்ந்ததுதான். வயிற்றை நிறைத்த இந்த மாற்றம், உடம்புக்குக் கடுகளவே தேவைப்படும் சத்துகளைச் சத்தமில்லாமல் குறைத்தது. பசித்தவரைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் போன்ற நுண்சத்துகள் குறைந்தவரை அப்படிக் கண்டுகொள்ள முடியாது. அந்தக் குறை எலும்பிலும் நரம்பிலும் கண்ணிலும் தங்கி, பல ஆண்டுகள் கழித்து வெளிவரும். சில நேரம் அடுத்த தலைமுறையின் உடம்பில் வெளிவரும். பஞ்சத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு இந்தக் குறையின் வரலாறு எழுதப்படாததற்கு அதுவே காரணம்.

அல்சூரைக் கன்னடத்தில் ஹலசூரு என்பார்கள். ஹலசு என்றால் பலா. ஏரியும் சோமேசுவரர் கோயிலும் கொண்ட பழைய ஊர் இது. 1809-இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது ஊரின் தலையெழுத்து மாறியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மலேரியாவுக்குத் தப்பி வந்த படை, அல்சூரை ஒட்டிய மேட்டு நிலத்தில் பாளையம் அமைத்தது. கண்டோன்மென்ட் என்பது அதன் ஆங்கிலப் பெயர்; ஊர்க்காரர்கள் 'தண்டு' என்றார்கள். சிப்பாய்கள் மட்டுமின்றி குதிரைக்காரர், சமையல்காரர், தையல்காரர், கொத்தனார், மளிகை வியாபாரி எனப் பலர் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தனர். வட ஆற்காடும் செங்கல்பட்டும் அவர்களில் பலருக்குச் சொந்த ஊர். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அல்சூர் ஏரிக்கரையில் தன் தலைமையகத்தை அமைத்துக்கொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் தண்டு ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947 வரை அது தனி ஆட்சி, தனி நகரசபை, பெருமளவில் தமிழ் பேசும் தெருக்கள்.

வந்தவர்களுக்குக் கேழ்வரகு புதிதல்ல. வட ஆற்காட்டின் மேட்டு நிலங்களிலும் அதுதான் ஏழைகளின் அன்றாட உணவு. அங்கே களி, கூழ், அடை. மைசூர்ச் சீமையில் அதே தானியம் ராகி; அதே களி முத்தே. இங்கே அதற்கு ஏழை உணவு என்ற பெயர் மட்டுமல்ல, பெருமையும் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கன்னடப் புலவர் கனகதாசரின் 'ராமதான்ய சரிதெ'யில் ராகியும் நெல்லும் யார் உயர்ந்தவர் என்று வாதிட, இராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறார். நெல் கெட்டுப்போகிறது, ராகி கெடாமல் வெளியே வருகிறது. கதையின் உட்பொருள் சாதி ஏற்றத்தாழ்வைப் பற்றியது என்றாலும், அதன் அடித்தளம் உழவர்களுக்குத் தெரிந்த நேரடி உண்மை. பூச்சி எளிதில் அண்டாத ராகியைக் குழிகளில் கொட்டி மூடி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் குழி திறக்கப்படும்.

அந்தத் தானியத்தின் சத்துக் கணக்கை இருபதாம் நூற்றாண்டு ஆய்வகங்கள்தான் எழுதின. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆலையில் தீட்டிய பச்சரிசியில் அது 10 மில்லிகிராம். முப்பது மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் இது. பால் வாங்க முடியாத வீட்டில் குழந்தையின் எலும்பும், தொடர்ந்து பிள்ளை பெற்ற தாயின் எலும்பும் இந்தக் களி உருண்டையை நம்பித்தான் இருந்தன. ராகியில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாது. ஆனால் பழைய சமையல் முறைகள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தன. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி அரைப்பார்கள். கூழுக்கு மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்க விடுவார்கள். முளைகட்டும்போதும் புளிக்கும்போதும் ஃபைட்டேட் உடைந்து இரும்பு விடுபடுகிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ் இந்த வழக்கத்தின் மிச்சம்.

களிக்குத் துணை கீரைச் சாறு. தமிழ் வழி வந்தவர்கள் என்று கருதப்படும் திகளர் சமூகத்தார் பெங்களூரைச் சுற்றித் தோட்டம் போட்டவர்கள். ஏரிப் பாசனத்தில் அவர்கள் விளைவித்த கீரை கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வந்தது. களியும் கீரையும் கொஞ்சம் அவரை, கொள்ளு, எப்போதாவது கருவாடு அல்லது ஆட்டு ஈரல்: இப்படிச் சாப்பிட்ட வீடு ஏழை வீடாக இருந்தாலும் அதன் தட்டில் பல சத்துகள் இருந்தன. துயரம் என்னவென்றால், அந்தத் தட்டு வயிறு நிறையும் அளவுக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது.

1876-இல் மழை பொய்த்தது, 1877-இலும் பொய்த்தது. குழிகளில் இருந்த ராகியும் தீர்ந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று தமிழர் நினைவில் நின்ற அந்தப் பேரழிவு மைசூர் ராஜ்யத்தைச் சிதைத்தது. 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. கிராமங்களை விட்டு நடந்து வந்தவர்கள் பெங்களூரின் பேட்டையிலும் தண்டிலும் குவிந்தனர். 1864-லேயே தண்டுக்கு ரயில் வந்துவிட்டதால் மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய தானியம் இங்கே வந்து சேர முடிந்தது. ஆனால் வந்த தானியம் போதவில்லை.

ஊட்டச்சத்து பற்றி இந்த மண்ணில் நடந்த முதல் பெரிய வாக்குவாதம் அப்போதுதான் எழுந்தது. பஞ்ச நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் கூலியும் அதற்குமேல் அரை அணாவும் போதும் என்று இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை வெளிப்படையாக எதிர்த்தார். தென்னிந்தியச் சிறைகளின் உணவை முன்பே ஆராய்ந்தவர் அவர். மண் சுமக்கும் உடம்புக்கு இந்த அளவு போதாது, தானியம் மட்டும் இருந்தால் போதாது, பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் மதராஸ் அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். மதராஸ் நிவாரண முகாமில் இறந்தவர்களின் உடல்களை அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்து, 1889-இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலில் உள்ளவர்கள் கணக்கில் வந்தவர்கள். பஞ்சத்தில் பிழைத்து, குன்றிய எலும்போடும் மங்கிய கண்ணோடும் மீதி வாழ்வைக் கழித்தவர்களை எண்ணி எழுதியவர் யாருமில்லை.

ரயிலுக்குப் பின் அரிசி ஆலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு ஊர்களில்கூட அரவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. உரலில் உலக்கையால் குத்தும்போது உமி போய்விடும், தவிட்டின் பெரும்பகுதி அரிசியோடு ஒட்டியிருக்கும். இயந்திரம் அதையும் உரித்துவிடும். அரிசி பளபளத்தது. வெண்மை செல்வத்தின் அடையாளமானது. சம்பளக்காரர் வீட்டில் சோறு, கூலிக்காரர் வீட்டில் களி என்ற பிரிவு தெருவுக்குத் தெரு தெரியும்படி ஆயிற்று. களியிலிருந்து சோற்றுக்கு மாறுவது தண்டில் ஒரு குடும்பம் முன்னேறியதற்கு அடையாளம். அதில் தவறு காண எவருக்கும் உரிமையில்லை. ஆண்டு முழுவதும் கூழ் குடித்தவர்களுக்குச் சோறு ஒரு விடுதலையாகவே இருந்தது.

பளபளத்த அரிசி கொண்டு வந்த நோயை மதராஸ் ராணுவம் ஆலைகளுக்கு முன்பே அறிந்திருந்தது. பெரிபெரி என்ற அந்த நோயில் கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும். இதயம் பெருத்து ஒருநாள் நின்றுவிடும். வட சர்க்கார் என்ற இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் காவலுக்கு இருந்த மதராஸ் சிப்பாய்களிடம் அது பரவியிருந்தது. மதராஸ் மருத்துவர் மால்கம்சன் 1835-இல் அதைப் பற்றி ஒரு பரிசுக் கட்டுரை நூலே எழுதினார். காற்றையும் ஈரத்தையும் சந்தேகித்தார்கள். சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை.

விடை கிடைக்கப் பெரிதும் உதவியவர்களில், கடல் கடந்து மலாயா போன தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு. ரப்பர் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் வேலை செய்த அவர்களுக்குப் பெரிபெரி அரிதாகவே வந்தது. அருகிலேயே சயாமின் வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் அதில் செத்து விழுந்தனர். 1907-இல் பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அதே ஆண்டுகளில் காட்டு முகாம்களில் தொழிலாளர்களைப் பிரித்துச் சோதித்து, பச்சரிசி தின்ற பிரிவில்தான் நோய் வருகிறது என்று நிறுவினர். தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கி ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு ஆலை தீட்டினாலும் முழுதும் போகாது. நூறு கிராம் ஆலைப் பச்சரிசியில் 0.06 மில்லிகிராம் தயமின். ஆலைப் புழுங்கலரிசியில் 0.21. எந்த அறிவியலும் சொல்லித்தராமல் தமிழ்நாட்டுப் பெண்கள் நெல் அவித்த கொப்பரையில் ஒரு நோய் தடுக்கப்பட்டிருந்தது. ஜாவாவில் எய்க்மன் கோழிகளை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியும் இந்த மலாயா ஆராய்ச்சியும் சேர்ந்த வழியில்தான் 1912-இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லுக்கு வந்தார்.

வீட்டுக்குள் நடந்த இழப்பு இதற்கு மேல். அரிசியைப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் தெளிவாக வரும்வரை பிசைந்து களைவார்கள். முதல் கழுநீர் மாட்டுக்கு, இரண்டாவது குழம்புக்கு, மூன்றாவது சாக்கடைக்கு. பின் நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, தட்டு மூடிச் சாய்த்துக் கஞ்சியை வடிப்பார்கள். தீட்டிய பச்சரிசியில் மிஞ்சியிருக்கும் தயமினில் பாதியளவு களையும்போதே போய்விடும். வடிக்கும்போது மேலும் போகும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தவர்களும், சோற்றில் நீரூற்றி மறுநாள் பழையது தின்றவர்களும் இழந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டுமே நாகரிகம் குறைந்த பழக்கங்களாக எண்ணப்பட்டு நகரத்து வீடுகளில் மெல்ல மறைந்தன.

முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்கள் உட்பட இந்தியப் படைகள் மெசபடோமியாவுக்குப் போயின. டைக்ரிஸ் ஆற்றங்கரையின் குட் நகரில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் சிக்கிய படையிடம் ஒரு விசித்திரம் கண்டது. வெள்ளை ரொட்டி தின்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி. ஆட்டா மாவு தின்ற இந்தியச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி இல்லை, ஆனால் ஸ்கர்வி வந்தது. ஆங்கிலேயர் குதிரை இறைச்சி தின்றதால் ஸ்கர்வியிலிருந்து தப்பினர். பல இந்தியர்கள் அதைத் தொடவில்லை. ஈறில் ரத்தம் கசிந்து, பழைய காயங்கள் மீண்டும் திறந்து, ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் மெசபடோமியாவில் படுத்தனர். எதிரியின் குண்டு மட்டுமல்ல, பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாத ரேஷனும் அவர்களை வீழ்த்தியது. போருக்குப் பின் இந்தியாவில் சத்துக்குறை ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்கியதில் இந்த அனுபவத்துக்குப் பங்குண்டு.

அந்த ஆராய்ச்சி நீலகிரியில் குன்னூரின் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்தது. அதை நடத்தியவர் ராபர்ட் மக்காரிசன். இந்திய மக்களின் வெவ்வேறு உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது அவருடைய புகழ்பெற்ற சோதனை. ஒரே வயது, ஒரே எடையுள்ள எலிக்குஞ்சுகளை இருபது இருபதாகப் பிரித்து, ஏழு கூண்டுகளுக்கு ஏழு வட்டார உணவுகள் தந்தார். சீக்கியர் உணவான கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற எலிகள் சராசரியாக 235 கிராம் வளர்ந்தன. கன்னடர் உணவு தின்றவை 185 கிராம். எல்லாவற்றிலும் கடைசியாக நின்றவை 'மதராஸி' உணவு தின்ற எலிகள்: 155 கிராம். கழுவிய வெள்ளரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், மோர், காபி, வெற்றிலை பாக்கு என்பது அந்த உணவு.

இந்த எண்களை 1936-இல் மக்காரிசன் லண்டனில் நிகழ்த்திய கேன்டர் சொற்பொழிவுகளில் உலகம் கேட்டது. மதராஸி என்ற ஒரே பெயருக்குள் அவர் அடைத்தது எல்லாத் தமிழரையும் அல்ல. கூழ் குடிப்பவரும் கருவாடு தின்பவரும் அந்தக் கூண்டில் இல்லை. இனங்களின் வீரத்தை உணவோடு முடிச்சுப்போட்ட காலனிய எண்ணமும் அவர் எழுத்தில் கலந்திருக்கிறது. அதை ஏற்க வேண்டியதில்லை. எலியின் எடை சொன்ன செய்தியை மட்டும் மறுக்க முடியாது. கன்னடர் உணவும் மதராஸி உணவும் அல்சூரின் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் சமைக்கப்பட்டவை என்பதால், அந்த 30 கிராம் இடைவெளி இந்த ஊருக்கு வெறும் எண் அல்ல.

1935-இல் மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு கூண்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, கண்ணின் வெள்ளையில் நுரைபோல் படியும் பிட்டாட் புள்ளி, கடைவாயில் வெடிப்பு, தேரையின் முதுகுபோல் சொரசொரத்த முழங்கை என்று தேடினார். இலங்கையில் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் அதே தோல் நோயைச் சில ஆண்டுகளுக்கு முன் விவரித்திருந்தார். 1937-இல் அய்க்ராய்டு வெளியிட்ட 23-ஆம் எண் சுகாதாரக் கையேடு இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அட்டவணையாகத் தந்தது. முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, ராகி ஆகியவற்றின் மதிப்பு முதல்முறையாக எண்களில் பொதுமக்கள் கைக்கு வந்தது அதில்தான். பின்னாளில் குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தபோதும் அந்தக் கையேடு மறுபதிப்புகளாகத் தொடர்ந்தது.

மாலைக்கண் பற்றி நாட்டு வைத்தியம் அறிந்திருந்தது. ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். ஈரலில் வைட்டமின் ஏ நிறைந்திருப்பதால் அது உண்மையிலேயே வேலை செய்தது. மாலைக்கண்ணைக் கவனிக்காமல் விட்டால் கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப்படலம் உலர்ந்து, மென்மையாகி, சில நாட்களில் உருகிவிடும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இப்படிப் பார்வை இழந்த குழந்தைகள் தொடர்ந்து வந்தனர். அங்கே கண்காணிப்பாளராக இருந்த ரைட்டும் அய்க்ராய்டும் சேர்ந்து செம்பனை எண்ணெயை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1937-இல் முடிவை வெளியிட்டனர். நாடு தழுவிய திட்டம் வர இன்னும் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1970 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரும் அளவு வைட்டமின் ஏ சொட்டு மருந்தாகத் தரப்பட்டது. இந்தக் குருட்டுத்தன்மையை ஒரு கரண்டிக் கீரை தடுத்திருக்கும் என்பதை நினைக்கும்போது, இடையில் கடந்த ஆண்டுகள் பெரும் இழப்பாகவே தெரிகின்றன.

சோகை இதைவிடப் பிடிவாதமானது. 1928-இல் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முதலில் பம்பாய் மில் தொழிலாளப் பெண்களிடமும் பின் குன்னூரிலும், 1931-இல் சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். அவர்களில் சிலருக்கு ரத்த அணுக்கள் சிறுத்திருக்கவில்லை, பெருத்திருந்தன. ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் தேறினர். அதில் இருந்த பொருள் 1941-இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் அந்த மாத்திரையின் கதை தென்னிந்தியப் பெண்களின் வெளிறிய உள்ளிமையிலிருந்தும் தொடங்குகிறது. இரும்புக் குறையால் வரும் சோகையோ வேறு வழி. கழிப்பறை இல்லாத குடியிருப்புகளில் செருப்பில்லாத காலின் வழியே கொக்கிப்புழு ஏறி, குடலில் தங்கி, நாள்தோறும் ரத்தத்தை உறிஞ்சும். சோற்றில் இரும்பு குறைவு, புழு எடுப்பதோ நிறைய. இரண்டுக்கும் நடுவில் பெண்ணின் உடம்பு.

சுதந்திரத்துக்குப் பின் பசியைத் துரத்துவதே அரசுகளின் முதல் வேலையாக இருந்தது. அது சரியான வரிசையும்கூட. மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவிலிருந்து சத்துணவு செய்யும் வழிகளைத் தேடியது. தமிழ்நாட்டில் 1956-இல் காமராஜரும் 1982-இல் எம்.ஜி.ஆரும் பள்ளிக்கு உணவைக் கொண்டுவந்தனர். பெங்களூரில் 2000-இல் அட்சய பாத்திரம் என்ற தொண்டு நிறுவனம் 1,500 குழந்தைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. பசுமைப் புரட்சியின் நெல்லும் கோதுமையும் ரேஷன் கடைக்கு வந்தன. ராகிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மலிவான வெள்ளரிசி அல்சூரின் கடைசிச் சந்து வரை எட்டியது. களி ஞாயிற்றுக்கிழமை விருந்தாகவும், சர்க்கரை நோய்க்காரருக்கு மருத்துவர் எழுதித் தரும் உணவாகவும் சுருங்கியது.

சத்துக்குறையின் நீண்டகால விளைவை அளக்க உதவியது ஒரு பழைய பேரேடு. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களைத் தேடிப் போய், நடுவயதாகிவிட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் இதயத்தைச் சோதித்தனர். 1996-இல் வெளியான முடிவு: பிறக்கும்போது இரண்டரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களில், 45 வயதுக்கு மேல் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய், 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம். தாய்க்கு அன்று கிடைக்காதது மகனின் நெஞ்சில் நாற்பத்தைந்து வயதில் வலியாக வந்தது. கருவில் சத்துக் குறையும்போது குழந்தையின் உடம்பு மூளையைக் காப்பாற்றுவதற்காகக் கணையத்தையும் சிறுநீரகத்தையும் தசையையும் சுருக்கிக்கொள்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். பின்னாளில் வயிறாரச் சாப்பிடக் கிடைத்தபோது அந்தச் சுருங்கிய கணையம் சுமை தாங்காமல் சர்க்கரை நோய்க்கு வழிவிடுகிறது.

அதே மருத்துவமனையில் 1997-98-இல் தொடங்கிய பார்த்தினான் ஆய்வு, கர்ப்பிணிகளில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வைட்டமின் பி12 குறைவாக இருந்ததைக் கண்டது. அவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் பிற்காலச் சர்க்கரை நோயும் கூடுதலாக வந்தன. தாயின் ஃபோலேட் நன்றாக இருந்த குழந்தைகள் ஒன்பது, பத்து வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் மேலாகச் செய்தனர். அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2006-இல், பி12 குறைந்த பெங்களூர்த் தாய்மார்களின் குழந்தைகள் கருவிலேயே வளர்ச்சி குன்றுவது அதிகம் என்று காட்டினர். பி12 தாவரத்தில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. பெயருக்குக் கொஞ்சம் மோர் ஊற்றிய மக்காரிசனின் 'மதராஸி' தட்டை இங்கே மறக்க முடியாது.

பெங்களூர்ப் பள்ளிகளிலேயே இன்னொரு சோதனையும் நடந்தது. இரும்பு சேர்த்துச் செய்த அரிசியைக் குழந்தைகளின் மதிய உணவில் கலந்து கொடுத்தார்கள். இரும்புக் குறை இறங்கியதோடு, ரத்தத்தில் இருந்த ஈயமும் இறங்கியது. வாகனப் புகை, பழைய பெயின்ட் வழியாக நகரக் குழந்தையின் உடம்புக்குள் வரும் ஈயம், இரும்பு குறைந்த குடலில் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. இரும்பு போதுமான அளவு இருந்தால் ஈயத்துக்கு வழி குறையும். மூளையைப் பாதிக்கும் இரண்டு கேடுகள் ஒன்றையொன்று கைப்பிடித்து வருவதை இந்தச் சோதனை காட்டியது.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 65.5 சதவீதமும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 47.8 சதவீதமும் சோகையுள்ளவர்கள் என்றது. தமிழ்நாட்டில் அந்த எண்கள் 57.4, 53.4. விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளி ரத்தத்தில் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. சிரையிலிருந்து ரத்தம் எடுத்த 2016-18 தேசியக் கணக்கெடுப்பில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் சோகை 41 சதவீதமாகவே இருந்தது. அதே கணக்கெடுப்பு வளரிளம் பருவத்தினரில் 31 சதவீதம் பேருக்குப் பி12 குறைவு என்றும் கண்டது. எந்த எண்ணை எடுத்தாலும் அது சிறியதல்ல.

2021-இல் மத்திய அரசு ரேஷனிலும் பள்ளி உணவிலும் செறிவூட்டிய அரிசியை வழங்கப்போவதாக அறிவித்தது. 2024 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் அது வந்தது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் அழுத்தி எடுத்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம். தலசீமியா, சிக்கிள் செல் சோகை உள்ளவர்களுக்கு இரும்பு கூடுவது ஆபத்து என்ற எச்சரிக்கையும் எழுந்திருக்கிறது. அந்த ஒற்றை அரிசி மற்றவற்றைவிடச் சற்று மங்கலான மஞ்சள் நிறம். தண்ணீரில் சில நேரம் மிதக்கும். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று நம்பிய பல வீடுகளில், முறத்தில் புடைக்கும்போது கல்லோடும் நெல்லோடும் சேர்த்துப் பொறுக்கி எறிகிறார்கள்.